அரிசோனாவிலிருந்து அழைத்த பல் டாக்டர்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர், நூற்றுப் பதினான்காம் தொகுதியின் தூண், திரு. லீலண்ட் ஸ்ட்ராடர் அவர்களின் சமூகத்துக்கு, அதாவது மாமாவுக்கு, தங்கை ரோண்டாவின் ஒரே மகனும், போன தேர்தலில் உங்கள் விளம்பரப் பலகைகளுக்கு மீசை வரைந்தவனும், பதினாறு வயதே ஆனவனுமாகிய கிரேடி வோஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது.

முதற்கண் ஊருக்கும் உலகுக்கும் ஓர் அறிவிப்பு. நெடுஞ்சாலை முனை பெட்ரோல் பங்கில் பதினொரு மாதமாகச் செத்துக்கிடந்த ஐஸ்கிரீம் மெஷின், இந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாலை நான்கு பத்துக்கு உயிர்த்தெழுந்தது. வெனிலா மட்டும் வருகிறது, சாக்லேட் பக்கம் இன்னும் இருமுகிறது. திரண்டிருந்த மக்கள் வெள்ளம், அதாவது நானும் ஒரு நாயும், ஆரவாரம் செய்தோம். கம்பெனி மெக்கானிக் இருநூறு மைல் வண்டி ஓட்டி வந்து, மெஷின் வயிற்றைத் திறந்து, எதையோ எடுத்துப்போட்டு, எதையோ வைத்து மூடினார். "இதுக்கு எவ்வளவுண்ணே ஆகும்?" என்று கேட்டேன். "ஒரு சென்ட் கிடையாது தம்பி. வாரண்டி இருக்கு" என்றார். ஆக நம்ம ஊரில் இந்த வருஷம் நோயில் விழுந்து, வயிறு கிழித்து, செலவில்லாமல் எழுந்து நின்ற ஒரே ஜீவன் அந்த மெஷின்தான். அம்மா அவசரப்பட்டு மனுஷியாகப் பிறந்துவிட்டார்.

நீங்களும், கார்லீன் அத்தையும், வேட்டை நாய்கள் இரண்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாவிட்டாலும் கவலையில்லை. உங்களுக்குச் சட்டமன்றம் கொடுத்த காப்பீடு இருக்கிறது, அத்தைக்கு உங்கள் வழியாக இருக்கிறது. நாய்களுக்கும் எடுத்திருக்கிறது, பல்லுக்குத் தனியாக என்று நன்றி நாள் விருந்தில் அத்தையே சொன்னார். இந்த விஷயத்தையெல்லாம் போனிலேயே பேசலாம். ஆனால் ஜனவரியில் ஆளுநர் அலுவலகம் பேசுவதாக நான் உங்களை நாற்பது நிமிஷம் எழுந்து நிற்கவைத்த நாளிலிருந்து என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறீர்கள். அதனால் கடிதம். கடிதத்தை முடக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.

அம்மாவின் பித்தப்பையில் ஏழு கல் இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் நெஞ்சில் எத்தனை என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கவில்லை, ஆனால் எடுத்தால் உங்கள் கல்லுக்குக் காப்பீடு உண்டு. இலையுதிர் காலத்தில் வலி வந்து அவசரப் பிரிவுக்குப் போனோம், ஊசி போட்டு, படம் எடுத்து, "இதை எடுத்துடணும்மா" என்று சொல்லி, எடுக்காமல் அனுப்பினார்கள். எடுக்கவேண்டும் என்றால் பாதிப் பணம் முன்னால் கட்டவேண்டுமாம். சரி, அரசுக் காப்பீடு கேட்போம் என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அம்மாள் கணினியைத் தட்டோ தட்டென்று தட்டிவிட்டு, "அரசுக் காப்பீடு கிடைக்காதுங்க, அதுக்கு நீங்க அதிகமா சம்பாதிக்கிறீங்க" என்றார். முதியோர் இல்லத்தில் ஆள் தூக்கும் வேலை பார்க்கும் என் அம்மாவை யாரோ பணக்காரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை, அம்மா கூந்தலைக்கூடச் சரிசெய்துகொண்டார். "அப்போ காசு கொடுத்து வாங்குற காப்பீட்டுக்கு மானியம் தருவாங்களாமே?" "அதுக்கு நீங்க கம்மியா சம்பாதிக்கிறீங்க." நான் விடவில்லை. "அப்படின்னா எங்கம்மா எதுக்குத்தான் சரியா சம்பாதிக்கிறாங்க?" அந்த அம்மாள் என்னை முறைக்கவில்லை மாமா, கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "சத்தியமா எனக்கும் தெரியலப்பா. என் மகளும் இதே குழியிலதான் கிடக்கா. சட்டம் மாறினாத்தான் உண்டு" என்றார்.

அந்தச் சட்டம்தான் இந்த வசந்தத்தில் உங்கள் கைக்கு வந்தது. குழியை மூடுகிற சட்டம். குறைந்த வருமானக்காரர் எல்லாருக்கும் அரசுக் காப்பீடு என்கிற மசோதா. அம்மா நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தார், என் பிறந்தநாளுக்குக்கூட அப்படி வட்டம் போட்டதில்லை. "மாமா என்ன செய்வாருன்னு தெரியலயே" என்றால், "டேய், அண்ணன்டா அவரு. நான் கேக்காமலே செய்வாரு" என்பார். கேட்காமலே செய்தீர்கள். அதுதான் சொல்ல வருகிறேன்.

அதற்கு நடுவில் ஊர் சும்மா இருக்குமா? நம்ம ஊரில் ஒருத்தருக்குப் பெரிய வியாதி வந்தால், பெட்ரோல் பங்கில் காசு போட அவர் படம் ஒட்டிய ஊறுகாய் ஜாடி வைக்கவேண்டும், தீயணைப்பு நிலையத்தில் விருந்து போடவேண்டும், அதில் பெண்கள் மாவுக்குள் இனிப்பு வைத்துச் சுட்ட ‘பை’ என்கிற பண்டங்களை ஏலம் விடவேண்டும். அம்மா பித்தப்பைக்காக ஊரே பை சுட்டது. ஒரு பையை எடுக்க இருபத்திரண்டு பை! தீயணைப்பு வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு மேசை போட்டார்கள். மாட்டிறைச்சியும் பீன்ஸும் கொதிக்கிற சில்லி, கூடவே இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். காப்பீடு கிடையாது, காபி உண்டு, எத்தனை கோப்பை வேண்டுமானாலும். அன்றைக்கு அந்தச் சில்லியைக் காலையிலிருந்து நின்று கிண்டியது யார் என்று நீங்கள் கவனிக்கவில்லை. நோயாளிதான். "எனக்காகச் செய்றாங்க, நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கரண்டியைக் கீழே வைக்க மறுத்துவிட்டார். கொழுப்பு பட்டால் வலிக்கும் என்பதால் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஊரெல்லாம் தின்றதைப் பார்த்துக்கொண்டு உப்பு பிஸ்கட் இரண்டைக் கடித்தார்.

நீங்கள் வந்தீர்கள். பத்திரிகைக்காரரோடு வந்தீர்கள். எல்லார் கையையும் குலுக்கினீர்கள், அம்மா கையில் கரண்டி இருந்ததால் கரண்டியையும் குலுக்கினீர்கள். "எப்படிடா இருக்க மருமகனே?" என்று என் முதுகில் அறைந்தீர்கள். கடைசியாக ஏலத்துக்கு வந்தது ஹாஸ்டெட்லர் அம்மாள் சுட்ட, புளித்த கிரீமும் உலர்திராட்சையும் போட்ட பை. மாட்டுச் சந்தையில் ஏலம் கூவும் டுவைட்தான் அன்றைக்கும் கூவினார், பையைக்கூட மாட்டைப்போலத் தட்டிப் பார்த்தார். நீங்கள் நாற்பது டாலர் என்று கை தூக்கினீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நாற்பதோடு முடிந்திருக்கும். அப்போதுதான் சமையலறைச் சுவரில் தொங்கிய போன் அடித்தது.

நினைவிருக்கிறதா? ஹாஸ்டெட்லர் அம்மாள் ஓடிப்போய் எடுத்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊரில் பல் பிடுங்கிக்கொண்டிருந்து, பிறகு அரிசோனாவுக்குப் போய்விட்ட டாக்டர் ஃபென்விக் என்று ஒருவர். விருந்து பற்றிக் கேள்விப்பட்டாராம், அந்தப் பையின் ருசியை அவர் நாக்கு இன்னும் மறக்கவில்லையாம், அறுபது டாலர் என்கிறாராம். கூடமே "ஆஆ" என்றது. நீங்கள் எண்பது என்றீர்கள். "டாக்டர் நூத்தைம்பது சொல்றாரு!" என்று ஹாஸ்டெட்லர் அம்மாள் கத்தினார். உங்கள் காது சிவந்தது, இருநூறு என்றீர்கள். முந்நூறு என்றார் டாக்டர். டுவைட் சும்மா இருப்பாரா? "என்ன லீலண்டு, வெயில் ஊர்ல இருக்கிற பல் டாக்டர் நம்ம ஊர்ப் பையைக் கொண்டுபோயிடுவாரு போலிருக்கே! வாக்குக் கேட்டு வரும்போது மட்டும்தான் கை நீளுமா?" என்று ஒரு போடு போட்டார். சிரிப்பு. பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். நீங்கள் ஏற்ற, அவரும் ஏற்ற, எண்ணூற்றைம்பது என்றார் டாக்டர். நீங்கள் எழுந்து நின்று, கோட்டை இழுத்துவிட்டு, தொள்ளாயிரம் என்றீர்கள். கூடமே போனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "டாக்டர் விட்டுட்டாருங்க. தொகையைக் கேட்டாலே பல் கூசுதாம்" என்றார் ஹாஸ்டெட்லர் அம்மாள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மா கரண்டியோடு அழுதார்.

மாமா, டாக்டர் ஃபென்விக் என்று யாரும் கிடையாது. நம்ம ஊருக்குப் பல் டாக்டர் இருந்ததே கிடையாது, அதனால்தான் டுவைட்டுக்கு முன்பல் இல்லை. ஆனால் காசு கொடுக்க வந்தவரைத் தெரியாது என்று சொல்லக் கூடத்தில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. தீயணைப்பு உடைகள் தொங்குகிற அறையில், கதவிடுக்கு வழியாக உங்களைப் பார்த்தபடி, ஒரு ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு (கிழட்டுக் குரலுக்கு அது நல்ல எதிரொலி கொடுக்கும்) அரிசோனாவில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். எண்ணூற்றைம்பது சொன்னபோது என் சட்டைப்பையில் பதினொரு டாலர் இருந்தது. நீங்கள் அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் இன்றுவரை அரிசோனாவில்தான் இருந்திருக்கவேண்டும். இந்த மாவட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சட்டைப்பையிலிருந்து இவ்வளவு சுத்தமாக யாரும் பிடுங்கியதில்லை. பல் டாக்டர் வேறெதற்கு?

இப்படி மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. நான்காம் நாள் மசோதா வந்தது. வேதியியல் ஆசிரியர் என்னை வகுப்பு முடிந்தும் பிடித்து வைத்திருந்தார், காரணம் வேண்டாம். மேசைக்குக் கீழே போனில் சட்டமன்ற நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஒன்பது பேர் பார்ப்பதாகக் காட்டியது. நீங்கள் எழுந்தீர்கள். தொண்டையைச் செருமினீர்கள். நீங்கள் பேசியதை நான் மறக்கமாட்டேன், மறந்தாலும் அவைக்குறிப்பில் இருக்கிறது. "அவைத்தலைவர் அவர்களே, என் கூடப்பிறந்த தங்கைக்கே உடம்பு சரியில்லை. அவளுக்குக் காப்பீடு கிடையாது. அதனால் என்ன ஆயிற்று? போன சனிக்கிழமை எங்கள் ஊர் ஒன்றுகூடியது. அண்டை வீட்டார் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். அவ்வளவு ஏன், ஆயிரம் மைலுக்கு அப்பால் அரிசோனாவிலிருந்து, என் தங்கையை நேரில் பார்த்தே பல வருஷமான ஒரு முதிய டாக்டர் தொலைபேசியில் அழைத்து, கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று மன்றாடினார்! அப்படிப்பட்ட உள்ளங்கள் வாழும் மண்ணில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?"

அவையில் கைதட்டல். நான் போனைக் கீழே போட்டுவிட்டேன்.

பிறகு பலகையில் பெயர்கள் எரிந்தன, பச்சை, சிவப்பு. உங்கள் பெயர் சிவப்பு. ஆதரவு அறுபத்திரண்டு, எதிர்ப்பு அறுபத்துமூன்று. ஒரே ஒரு வாக்கு மாமா. நூற்றிருபத்தைந்து பேர் கொண்ட சபையில் இல்லாத ஒரு பல் டாக்டர் வந்து உட்கார்ந்து வாக்களித்துவிட்டுப் போயிருக்கிறார். அவரை அனுப்பியது நான். இதை இரண்டு தடவை எழுதிவிட்டு அடித்தேன், மூன்றாம் தடவை அடிக்கவில்லை.

விருந்தில் சேர்ந்தது மொத்தம் எவ்வளவு தெரியுமா? ஜாடி, சில்லி, இருபத்திரண்டு பை, உங்கள் தொள்ளாயிரம், எல்லாம் சேர்த்து அறுவைக்கு முன்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதை நீங்கள் அவையில் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

அம்மா உங்கள் பேச்சை முதியோர் இல்லத்தில், சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தார். அவர் குளிப்பாட்டி, துடைத்து, திருப்பிப் படுக்கவைக்கிற முக்கால்வாசிப் பேருக்கு அரசுக் காப்பீடுதான் பணம் கட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? சுற்றிலும் நாற்பது பேருக்குக் குடை பிடித்துக்கொண்டு நடுவில் நனைகிறவர் அவர். நான் ஓடினேன், அம்மா அழுதுகொண்டிருப்பார் என்று. இல்லை. "பரவால்லடா, என்னைப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லியிருக்காரு" என்றார். "அம்மா, எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்காரும்மா." "தெரியும்டா. கண்ணு இருக்கு எனக்கு." கொஞ்ச நேரம் தட்டைத் துடைத்தார், துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். பிறகு, "அந்த அரிசோனா டாக்டருக்கு நன்றி அட்டை எழுதணும். பாவம், வயசானவரு. ஹாஸ்டெட்லர் கிட்ட விலாசம் வாங்கிக் கொடு" என்றார்.

எழுதிவிட்டார் மாமா. ஊதாப் பூ போட்ட அட்டை. விலாசம் எழுதாமல் என்னிடம் கொடுத்து, நீயே எழுதி அஞ்சலில் போடு என்றார். இரண்டு வாரம் என் வேதியியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன், ஏனென்றால் என்னைத் தவிர அவரைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். படியுங்கள். "உங்களை எனக்கு நினைவில்லை, ஆனாலும் எனக்காக அழைத்ததற்கு நன்றி. இங்கே எல்லாரும் நல்லவர்கள், ஆனால் எல்லாருமே தெரிந்தவர்கள், அவர்களிடம் வாங்குவதற்குக் கூச்சமாக இருக்கிறது. தெரியாத ஒருவர் கொடுக்க நினைத்தது எனக்கு லேசாக இருந்தது." உங்கள் சட்டம் செய்திருக்கவேண்டிய வேலை அதுதான் மாமா. தெரியாத ஒருவர் கொடுப்பது. கரண்டியோடு நிற்கவைக்காமல் கொடுப்பது.

ஆகவே இதனால் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், அடுத்த வாரம் அவை கூடும்போது நீங்கள் எழுந்து நின்று, "அவைத்தலைவர் அவர்களே, அந்த டாக்டர் கிடையாது" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஃபென்விக்கே பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பார், எனக்கு ஹெல்மெட் இன்னும் கையில்தான் இருக்கிறது. மற்றபடி எங்களைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம். உங்கள் பணம் வேண்டாம், பையும் வேண்டாம், முதுகில் அறையும் வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது, யாரிடமும் போய் நிற்கவேண்டிய தேவையும் எங்களுக்குக் கிடையாது. அத்தைக்கு என் அன்பு. நாய்களின் பற்களுக்கு என் வணக்கம். உங்கள் ஆட்சி அதிகாரம் உங்கள் பித்தப்பைபோல் கல்லின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
கிரேடி வோஸ்

பின்குறிப்பு: தாளைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கத்தில் மாவட்ட மருத்துவமனையின் படிவம் அச்சடித்திருக்கும். வேறு தாள் இல்லை, காத்திருக்கும் அறையில் இதுதான் கிடைத்தது.

அம்மாவை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். இன்று மதியம் இல்லத்தில் ஒரு பெரியவரைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்கும்போது மடங்கி விழுந்துவிட்டார். அவரைக் கீழே விடாமல் உட்காரவைத்துவிட்டுத்தான் விழுந்தாராம். கண் மஞ்சளாகிவிட்டது, காய்ச்சல் கொதித்தது. சீழ் பிடித்துவிட்டது, இனிமேல் காத்திருக்க முடியாது, உடனே எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதமாகக் கேட்டபோது முடியாததெல்லாம் சாகிற நிலைக்கு வந்தவுடன் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தார். பொறுப்பேற்பவர் கையெழுத்து என்று ஒரு கோடு. "பெரியவங்க யாராச்சும் வந்திருக்காங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. "மாமா வந்திருக்காரு. கார் நிறுத்திட்டு இருக்காரு" என்றேன். தாளை வெளியே எடுத்துக்கொண்டு போய், சுவர்மேல் வைத்து, உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். உங்கள் கையெழுத்து எனக்கு நன்றாக வரும். இன்றைக்கு மட்டும் கோணிவிட்டது.

உங்களைக் கூப்பிட்டேன். மருத்துவமனை போனிலிருந்துதான். அத்தை எடுத்தார். "அத்தை, அம்மாவுக்கு ஆபரேஷன்" என்றேன். "இன்னைக்கு எந்தக் குரல்டா இது? நல்லா அழுற" என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தையைத் திட்டாதீர்கள், தப்பு என்மேல்தான். அதனால்தான் இல்லத்து வேன் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவர் உங்கள் வீட்டு வழியாகத்தான் திரும்பிப் போகிறார். மேலே எழுதியதெல்லாம் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுதியது. பத்திரிகைக்கு ஒன்றும் போகாது. யாரிடமும் நிற்கத் தேவையில்லை என்று எழுதியது பொய். ஒருத்தராவது இங்கே வந்து நிற்கவேண்டும்.

அந்தப் பெண் அடிக்கடி ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார். நீங்கள் இரண்டு மணி நேரமாகக் காரை நிறுத்திக்கொண்டிருக்கிறீர்கள். சீக்கிரம் வந்து நிறுத்துங்கள் மாமா.